சுரக்குறிப்பு எங்கே?

சென்ற மாதம் எங்கள் இசைத்துறையில் முதுகலை மாணவர்களின் ஆய்வேட்டு முன்வைப்பு நடைபெற்றது. வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான் முனைவர் பட்ட ஆய்வாளன். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லவிருக்கும் குறை ஒரு துறைக்கு மட்டும் உரியதன்று என்பதை இதைப் படிக்கும் இசைத்துறை நண்பர்கள் அறிவர்.

அன்று ஒரு மாணவர் தாம் உருவாக்கிய 11 நிமிட மின்னணு இசைப்படைப்பை ஒலிக்கச் செய்தார். முடிந்ததும் தேர்வுக்குழு கேட்ட முதற்கேள்வி, “சுரக்குறிப்பு எங்கே?” இரண்டாவது கேள்வி, “இதில் நீங்கள் செய்தது எது, இயந்திரம் செய்தது எது?” முதற்கேள்விக்கு அவரிடம் தாள் இல்லை. இரண்டாவதற்கு விடை சொல்லக் கணினியைத் திறந்தபோது நேரம் முடிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. சுரக்குறிப்பை இணைத்து அடுத்த பருவத்தில் மீண்டும் சமர்ப்பிக்குமாறு பணித்தனர். ஒரு பருவம் என்பது அரையாண்டு. உதவித்தொகையை நம்பிப் படிப்பவருக்கு அது வாழ்வின் கணக்கையே மாற்றும் காலம்.

அரங்கில் நானும் இருந்தேன், பேசவில்லை. என் ஆய்வேடும் இதே துறையில்தான் மதிப்பிடப்பட வேண்டும் என்ற அச்சத்தைத் தவிர அந்த மௌனத்திற்கு வேறு காரணம் இல்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படைப்பு எவ்வாறு உருவானது என்பதைச் சொல்ல வேண்டும். அதைக் கேளாமல் அதன் மீது தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

விடுதிக்குப் பின்புறம் ஒரு மின்மாற்றி இருக்கிறது. அதன் இரைச்சலைக் கேட்காமல் எங்களில் எவரும் உறங்கியதில்லை. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால், எழும் ஒலியின் அடிப்படை 100 அதிர்வுகள். அதன்மேல் 200, 300, 400, 500 என மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழும். 100ஐ ஆதார சட்ஜமாகக் கொண்டால் 200 மேல் சட்ஜம், 300 பஞ்சமம், 400 மீண்டும் சட்ஜம், 500 அந்தர காந்தாரம். தெருமுனை மின்மாற்றி இரவு முழுவதும் ச-ப-ச-க என்று இசைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மாணவர் இதைக் கணக்கிட்டு அறிந்தவரல்லர். கைப்பேசியில் பதிவுசெய்து, காதொலிப்பானில் பல இரவுகள் கேட்டு அறிந்தார். கணக்கை அதன் பின்னரே சரிபார்த்தார்.

அந்த ஒலியைச் சுருதியாகக் கொண்டு இசையமைக்க முனைந்தபோது முதற்சிக்கல் எழுந்தது. முதல் வடிவங்களில் அவர் கோமள காந்தாரம் கொண்ட ஒரு சுர வரிசையைக் கையாண்டார். 480 அதிர்வில் நின்ற அந்தக் காந்தாரம் மின்மாற்றியின் 500உடன் மோதியது. விநாடிக்கு 20 முறை ஒலி நடுங்கி, காதைக் கரகரவென்று உரசியது. அவருக்கு மூன்று வழிகள் இருந்தன. 500ஐ மட்டும் ஃபில்டர் கொண்டு அறுத்தெறியலாம், காந்தாரத்தை மாற்றலாம், அந்த உரசலையே இசையாக ஏற்கலாம். முதல்வழி எளிதானது, ஆனால் அதற்குப் பின் மின்மாற்றி மின்மாற்றியாக இராது. மூன்றாவது வழியைச் சில வாரங்கள் முயன்று கைவிட்டார். இறுதியில் காந்தாரமே இல்லாத துர்கா ராகத்திற்கு வந்தார். நம் கர்நாடக மரபின் சுத்த சாவேரிக்கு இணையானது அது. ராகம் காந்தாரத்தைத் தொடாது; மின்மாற்றியோ அதை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இது ராகத்தைக் கெடுப்பதாகாதா என்று கேட்கலாம். அவரும் கேட்டுக்கொண்டார். தம் பணிக்குறிப்பேட்டில் அதற்கு அவர் எழுதியிருந்த விடை என்னை வியக்க வைத்தது. நன்கு சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியிலிருந்தும் அந்தர காந்தாரம் தானே எழுகிறது. அதன் மீதுதான் நூற்றாண்டுகளாகத் தோடியும் சுத்த சாவேரியும் பாடப்படுகின்றன. தம்புராவின் சுயம்புக் காந்தாரத்தை மன்னிக்கும் காது மின்மாற்றியின் காந்தாரத்தை ஏன் மன்னிக்காது? இது ஓர் இசையியல் வினா. தேர்வுக்குழு அதைப் பற்றி அரைமணி நேரம் விவாதித்திருக்கலாம்.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. கணினியில் சரியாக 100 அதிர்வில் ஓர் ஆசிலேட்டரை ஓடவிட்டு மின்மாற்றியின் பதிவுடன் சேர்த்தபோது, ஒலி மெதுவாகப் பொங்கி அடங்கியது. பிழை என்று எண்ணினார். பிறகுதான் புரிந்தது: மின்தொகுப்பின் அதிர்வெண் ஒருபோதும் மிகச்சரியாக 50இல் நிற்பதில்லை. நாட்டின் மின்தேவை கூடும்போது அது சற்றே இறங்கும். 49.9க்கு இறங்கினால் மின்மாற்றியின் ஒலி 99.8 ஆகும், கணினியின் 100உடன் சேரும்போது 5 விநாடிக்கு ஒருமுறை ஓர் அலை எழும். அந்த விலகலை மென்பொருள் ஒரு சொடுக்கில் திருத்திவிடும். அவர் திருத்தவில்லை. அந்த அலையையே படைப்பின் காலப்பிரமாணமாக வைத்துக்கொண்டார். மாலையில் வீடுகளில் விளக்குகள் ஏற்றப்படும் வேளையின் பதிவை முதற்பகுதியிலும், ஊர் உறங்கிய பின்னான பதிவை இறுதியிலும் அமைத்தார். இந்த முடிவுகளை அடைய அவர் சேமித்த வடிவங்கள் 47. கேட்பதற்கு மிக இனிதாக இருந்த ஒரு மெட்டை 31ஆம் வடிவத்தில் நீக்கியிருக்கிறார். காரணமாக, அது ஒலிக்கும்போது மின்மாற்றி பின்னணியாகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார்.

இனி, “இயந்திரம் செய்தது எது?” என்ற கேள்விக்கு வருவோம். மின்மாற்றி இரைந்தது, கணினி கூட்டிக் கழித்தது. கேட்டது, ஐயுற்றது, தேர்ந்தது, மறுத்தது அனைத்தும் அந்த மாணவர். படைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட வேறு பொருள் இருக்குமானால் அதை அறிய விரும்புகிறேன்.

மின்னணு இசையின் படைப்புமுறை குறித்து நம் துறைகளில் நிலவும் முதல் அறியாமை இதுதான். எழுதுதல், கருவி செய்தல், வாசித்தல் என்று மூவர் பகிர்ந்துகொண்ட பணிகள் இங்கே ஒருவரின் ஒரே செயலாகின்றன. ஒலியின் தன்மையே இங்கு மெட்டு. அதை முன்கூட்டித் தாளில் எழுத இயலாது. செய்து, கேட்டு, மாற்றி, மீண்டும் கேட்டுத்தான் எழுத முடியும். கேட்பதுதான் இங்கே எழுதுகோல். ஆகவே இந்தக் கலையின் கையெழுத்துப்படி என்பது அந்த 47 வடிவங்களும் அவற்றுடன் உள்ள குறிப்பேடும்தான். கையெழுத்துப்படியைக் கொண்டுவந்தவரிடம் கையெழுத்துப்படி எங்கே என்று கேட்டிருக்கிறோம்.

பொத்தானை அழுத்தினால் இசை வருகிறது என்று ஏளனம் செய்பவர்களின் வகுப்பறையில் தம்புராவின் இடத்தில் இருப்பது மின்னணுச் சுருதிப்பெட்டி. பொத்தானை அழுத்தித்தான் அவர்களும் பாடத் தொடங்குகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் தம் சட்ஜத்தை மின்சுற்றிடம் ஒப்படைத்தவர்கள், மின்சுற்றிலிருந்து சட்ஜத்தைத் தேடி எடுத்தவரை இகழ்வதுதான் பொருந்தவில்லை.

சுரக்குறிப்பே இசையின் சான்று என்ற நம்பிக்கை நம் மரபிலிருந்தும் வந்ததன்று. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகள் பெருந்தொகுப்பாகச் சுரக்குறிப்புடன் அச்சேறியது, சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி வழியாக, 1904இல் எட்டயபுரத்தில். இடைப்பட்ட காலத்தில் அவை பெரும்பாலும் நாவிலும் செவியிலும் வீணையிலும் வாழ்ந்தன. அப்போது அவை இசையாக இல்லையா?

சட்டமும் இந்த நிபந்தனையை என்றோ கைவிட்டுவிட்டது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் முதலில் இசைப்படைப்பை வரையறுத்தபோது, அது அச்சிடப்பட்டோ எழுதப்பட்டோ வேறு வகையில் வரைவடிவம் பெற்றோ இருக்க வேண்டும் என்றது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரையறையை மாற்றியது. இசையமைப்பாளர் என்பவர் இசையை இயற்றுபவர். அதை அவர் குறியீட்டு வடிவில் பதிவுசெய்தாரா இல்லையா என்பது பொருட்டன்று என்பதே இன்றைய சட்டநிலை. நாடாளுமன்றம் 1994இல் புரிந்துகொண்டதை நம் பாடத்திட்டக் குழுக்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

தாளில் எழுதியவரே படைப்பாளர் என்ற விதி யாருக்கு அநீதி இழைக்கும் என்பதற்கு வரலாற்றில் ஒரு தெளிவான சான்று உண்டு. 1963இல் பிபிசி தொலைக்காட்சியின் ‘டாக்டர் ஹூ’ தொடருக்கான முகப்பிசையை ரான் கிரெய்னர் தாளில் எழுதினார். அதை ஒலியாக்கியவர் பிபிசி ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் பணியாற்றிய டெலியா டெர்பிஷையர். சிந்தசைசர் விற்பனைக்கு வந்திராத காலம் அது. இழுத்துவிட்ட ஒரு தந்தியின் ஒலியையும், சோதனைக்கான ஆசிலேட்டர்களின் ஒலியையும் நாடாவில் பதிந்து, வேகத்தை மாற்றிச் சுரங்களாக்கி, ஒவ்வொரு சுரத்தையும் உரிய நீளத்திற்குப் பிளேடால் வெட்டி ஒட்டினார். விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரை விநாடிச் சுரம் என்பது ஏழரை அங்குலத் துண்டு. பல தட ஒலிப்பதிவு வசதி அங்கு இல்லாததால், தனித்தனி நாடாக்களை ஒரே கணத்தில் ஓடவிட்டு இணைத்தார்கள். கிரெய்னரே அவருக்கு இணை இசையமைப்பாளர் என்ற தகுதியைப் பெற்றுத்தர முயன்றார். நிறுவனத்தின் விதி இடந்தரவில்லை. டெர்பிஷையர் 2001இல் மறைந்தார். தொடரின் திரையில் அவர் பெயர் தோன்றியது 2013இல், பொன்விழாச் சிறப்புப் பகுதியில். எங்கள் தேர்வுக்குழு பின்பற்றியதும் அதே விதிதான்.

இதுவரை எழுதியது எதிர்த்தரப்பாரைப் பற்றி. என் தரப்பாரின் பிழையையும், அதில் என் பங்கையும் சொல்லாவிட்டால் இது நேர்மையான பதிவாகாது.

மின்னணு இசையை ஆதரித்து இந்தியாவில் எழுதுவோர் பெரும்பாலும் ‘நாமே முதலில்’ என்று தொடங்குகிறோம். பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் வெளியிட்ட ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற இசைத்தட்டு 2010இல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசையை அவர் முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார் என்று உலகெங்கும் எழுதப்பட்டது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலையும் நான் முதலில் அப்படியே எழுதினேன். இரண்டு ஒலிப்பதிவுகளையும் அருகருகே வைத்துப் பலமுறை கேட்ட பிறகே அந்த இயலைக் கிழித்தேன்.

இரண்டிலும் இருப்பது ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 என்ற சிறு பெட்டி. தனியே பயிற்சி செய்யும் கித்தார் கலைஞருக்குப் பேஸ் துணையாக அது வடிவமைக்கப்பட்டது; விற்கவில்லை; 1984இல் உற்பத்தி நின்றது. சரண்ஜித் சிங் அதைத் தாளக்கருவியான டிஆர்-808உடன் இணைத்துச் சீராக ஓடவிட்டு, அதன்மேல் ஜூபிடர்-8 சிந்தசைசரில் ராகத்தை வாசித்தார். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும் அந்தப் பெட்டியின் இயல்பு அவருடைய ராகங்களுக்குத் துணைநின்றது. சிகாகோவின் ஃபியூச்சர் குழுவினர் 1987இல் வெளியான ‘ஆசிட் டிராக்ஸ்’ பதிவில் செய்தது வேறு. மெட்டை அவர்கள் வளர்க்கவில்லை; ஒரே சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஃபில்டரின் திருகுகளைத் திருப்பித் திருப்பி ஒலியின் நிறத்தை மாற்றிக்கொண்டே போனார்கள். ஒரே பெட்டியிடம் இருவர் இருவேறு கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். இருவரும் மகத்தானவர்கள். ‘யார் முதலில்’ என்று கேட்டவுடன் இருவர் செய்ததும் மறைந்துவிடுகிறது. ஆண்டு மட்டுமே எஞ்சுகிறது.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் கதையையும் இப்படித்தான் சொல்லிவருகிறோம். 1969இல் அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் அங்கே மூக் சிந்தசைசருடன் ஓர் ஒலிக்கூடத்தை நிறுவ உதவினார். 1940களிலேயே ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்த கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசைப்படைப்புகளை உருவாக்கினர். பிரித்தானியக் கலைஞர் பால் பர்காஸ் அந்த நாடாக்களை ஆவணக்காப்பகத்தில் கண்டெடுத்தார். 2023இல் அவை இசைத்தொகுப்பாக வெளிவந்தன. இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடம் என்று பெருமிதம் கொள்கிறோம். அவர்கள் எவ்வாறு பணிசெய்தார்கள் என்று கேட்பவர் குறைவு. அக்கால மூக் கருவிக்கு நினைவகம் கிடையாது. வடங்களைச் செருகி, திருகுகளைத் திருப்பி உருவாக்கிய ஓர் ஒலி, வடத்தைப் பிடுங்கியதும் போய்விடும். எவரேனும் குறித்து வைத்தாலன்றி அந்த ஒலிக்குச் சென்ற வழி மீளாது. நாடா முடிவைத் தரும், வழியைத் தராது. நம் மாணவர்களின் குறிப்பேடுகளை இன்று மறுப்பவர்கள், 50 ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் ஆய்வாளரிடமிருந்து அந்த வழியைத் திருடுகிறார்கள்.

சில மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். குறிப்பேட்டைப் பின்னர் புனைந்துவிடலாமே என்பார்கள். புனையலாம். ஆனால் வாய்மொழித் தேர்வில் ஏதேனும் ஒரு வடிவத்தைத் திறந்து, இந்த ஒலியை ஏன் நீக்கினாய் என்று கேட்டால் புனைந்தவர் திணறுவார். மறுபுறம், சுரக்குறிப்பு இன்று எதற்கும் சான்றில்லை. ஒலிப்பதிவைக் கொடுத்தால் மென்பொருள் சில நிமிடங்களில் சுரங்களைப் பெயர்த்துத் தந்துவிடும். உழைப்பு மட்டுமே படைப்பை உயர்ந்ததாக்கிவிடுமா என்பார்கள். ஆக்காது. 47 வடிவங்கள் கடந்தும் ஒரு படைப்பு மோசமாக இருக்கலாம். அப்படியானால் கேட்டுவிட்டு மோசம் என்று சொல்லுங்கள். அன்று அந்த அரங்கில் ஒலியைப் பற்றி ஒரு சொல்லும் பேசப்படவில்லை.

பேசியிருக்கவும் முடியாது. அரங்கின் ஒலிபெருக்கி அன்று பழுது. மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில்தான் படைப்பு ஒலித்தது. 100 அதிர்வுகளை அவ்வளவு சிறிய ஒலிபெருக்கி ஏறத்தாழ வெளிப்படுத்தவே இயலாது. ஆதார சட்ஜம் கேட்காத ஓர் இசையைக் கேட்டுத் தேர்வுக்குழு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தம்புராவை வெளியே நிறுத்திவிட்டு ஒரு பாடகரை மதிப்பிடுவோமா?

இதை இப்போதே தீர்க்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வரி எழுதினால் முழுப்பாடலைத் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மாணவர் கைகளில் இருக்கின்றன. “நீ செய்தது எது, இயந்திரம் செய்தது எது?” என்பது இனி உண்மையாகவே கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கு விடை சொல்லும் ஒரே ஆவணம் படைப்புமுறையின் பதிவு. அதை ஏற்க மறுக்கும் துறையால், ஐந்து மாதம் மின்மாற்றியைக் கேட்டவரையும் ஐந்து விநாடியில் பாடலை வரவழைத்தவரையும் வேறுபடுத்த இயலாது. இருவரிடமும் சுரக்குறிப்பு கேட்கும். இரண்டாமவர் முதலில் தந்துவிடுவார்.

நான் கோருவன நான்கு. மின்னணு இசை ஆய்வேடுகளில் வடிவக் கோப்புகளையும் பணிக்குறிப்பேட்டையும் சுரக்குறிப்புக்கு நிகரான சான்றாக ஏற்க வேண்டும். தேர்வுக்குழுவில் ஒலியுடன் பணிசெய்து பழகியவர் ஒருவரேனும் இருக்க வேண்டும். படைப்பை முறையான ஒலிபெருக்கியில் முழுமையாகக் கேட்க வேண்டும். அந்தக் கோப்புகளையும் குறிப்பேட்டையும், மென்பொருள் மாறினாலும் திறக்கக்கூடிய வடிவில், பல்கலைக்கழக நூலகம் ஆய்வேட்டுடன் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய நிதி பெரிதாக வேண்டியதில்லை. பழுதான அந்த ஒலிபெருக்கியைச் சரிசெய்தால் தொடங்கிவிடலாம்.

அந்த மாணவர் இப்போது விடுதியில் அமர்ந்து சுரக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். மின்மாற்றிக்கான வரியில் ‘ச’ என்று ஓர் எழுத்தும், அதன்பின் 11 நிமிடத்திற்கு நீளும் கோடும் இருக்கின்றன. அதைத் துறை ஏற்றுக்கொள்ளும் என்றே நினைக்கிறேன். இந்தக் கோரிக்கைகளைக் கடிதமாக எழுதி, என் பெயரை முதலில் இட்டு, துறைத்தலைவரிடம் திங்கட்கிழமை அளிக்கவிருக்கிறேன். உடன் கையொப்பமிட விரும்பும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் அதற்குள் எனக்குத் தெரிவியுங்கள்.